பழைய டிராக்டருக்குப் புது லிப்ட்

உழவு டிராக்டரின் பின்னால் மூன்று கைகள் இருக்கும். கீழே இரண்டு, மேலே ஒன்று. கீழிரண்டும் கலப்பையைத் தூக்குகின்றன. மேலே உள்ள டாப் லிங்க், கலப்பை குப்புறவோ மல்லாக்கவோ சாயாமல் பிடித்துக்கொள்கிறது. கீழ்க்கைகளை எண்ணெய் அழுத்தத்தால் ஏற்றி இறக்கும் அமைப்பைத்தான் ஓட்டுநர்கள் லிப்ட் என்கிறார்கள். லிப்ட் போன டிராக்டர் டிரெய்லர் இழுக்கும், தண்ணீர் டேங்கர் இழுக்கும். உழவுக்குக் கூப்பிட முடியாது.

எவ்வளவு வேலை இந்த லிப்டுக்கு இருக்கிறது என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். ஒரு ஏக்கரைச் சதுரமாக வைத்தால் பக்கம் சுமார் 64 மீட்டர். ஒன்பது கொழுக் கலப்பை ஒரு நடைக்கு ஏறக்குறைய 2 மீட்டர் அகலம் உழும். அப்படியானால் ஏக்கருக்கு முப்பத்திரண்டு நடை, ஒவ்வொரு வரப்போரத்திலும் ஒரு தூக்கு, ஒரு இறக்கு. நாளைக்கு ஆறு ஏக்கர் ஓட்டினால் இருநூறு தடவை. பெரம்பலூர் பக்கத்துக் கரிசலில் இதற்கு அவசரமும் சேர்ந்துகொள்கிறது. மானாவாரி மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் மழை பெய்து ஈரம் இறங்கிய பின் பதம் நிற்பது சில நாள்தான். முந்தினால் மண் கொழுவில் அப்பும், பிந்தினால் பாறையாகக் கட்டிதட்டும். அரியலூர் மாவட்டத்தில் ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்து முந்திரிச் செம்மண்ணுக்கு இந்த அவதி குறைவு. கொள்ளிடக் கரையில் திருமானூர் வட்டாரத்து நெல் வயலில் சேற்றுழவு. மூன்று மண்ணிலும் ஒரே டிராக்டர் ஓடுகிறது என்றால், கடினமான மண்ணுக்குத் தக்கபடிதான் லிப்டைச் செய்யவேண்டும்.

புதிதாகச் செய்யத்தான் வேண்டுமா என்ற கேள்வி முதலில். எல்லாப் பழைய டிராக்டருக்கும் வேண்டாம். மாசி 1035 மாதிரி வண்டிக்கு உதிரிப்பாகம் இன்றும் கிடைக்கிறது. அதில் லிப்ட் தூக்கவில்லை என்றால் பெரும்பாலும் பம்ப் வால்வோ, பிஸ்டன் ரிங்கோ, ஒரு ஓ ரிங்கோதான் காரணம். மேல்மூடியைக் கழற்றிச் சரிசெய்வதை விட்டுவிட்டு வெளியே புது சிலிண்டர் மாட்டுவது வெட்டிச் செலவு. சிக்கல் வருவது உற்பத்தியே நின்றுபோன வண்டிகளுக்கு. 1960களிலும் 70களிலும் இந்தியாவில் டிராக்டர் செய்த கம்பெனிகள் பலவும் வெளிநாட்டுக் கூட்டோடு வந்தவை. வடோதராவின் ஹிந்துஸ்தானுக்குச் செக்கோஸ்லோவாகியாவின் ஜீட்டர், எஸ்கார்ட்ஸுக்குப் போலந்தின் உர்சஸ், பிஞ்சோரில் 1971இல் தொடங்கிய எச்.எம்.டி. டிராக்டருக்கும் ஜீட்டர். பிஞ்சோர்ப் பிரிவை மூட மத்திய அமைச்சரவை 2016இல் ஒப்புதல் கொடுத்துவிட்டது. இந்த வண்டிகளில் எஞ்சின் இன்னும் திடமாக இருக்கும், கியர் பெட்டியும் நன்றாக இருக்கும். லிப்டின் உள்வார்ப்பு வெடித்திருந்தால் மாற்றுக்குத்தான் வழியில்லை. பட்டறைக்கு வரவேண்டியது அப்படிப்பட்ட வண்டிதான்.

செய்வதற்கு முன் அசல் லிப்டைப் புரிந்துகொள்வது அவசியம். ஏனென்றால் அதைக் கண்டுபிடித்தவர் தூக்குவதற்காக மட்டும் அதைச் செய்யவில்லை. அயர்லாந்துக்காரரான ஹாரி பெர்குசன் 1884இல் பிறந்தவர். 1909 கடைசி நாளில் தானே செய்த விமானத்தில் பறந்து, அயர்லாந்தில் முதன்முதலில் பறந்தவர் என்ற பெயரையும் எடுத்தவர். அந்தக் காலத்து டிராக்டர்கள் கலப்பையை மாட்டு வண்டியைப் போலப் பின்னால் கட்டி இழுத்தன. கொழு கல்லில் சிக்கினால் பின்சக்கரம் நின்றுவிடும், ஆனால் எஞ்சின் நிற்காது. டிராக்டரின் மூக்கு மேலே எழும்பி, சில சமயம் ஓட்டுபவர் மேலேயே கவிழும். பழைய போர்ட்சன் இதற்குப் பேர்போனது. பெர்குசன் கலப்பையை வண்டியோடு மூன்று புள்ளியில் பிணைத்து, எண்ணெய் அழுத்தத்தையும் அதோடு சேர்த்து, 1926இல் காப்புரிமை வாங்கினார். அதில் டாப் லிங்க் ஒரு கனத்த ஸ்பிரிங்கில் முட்டிக்கொண்டிருக்கும். மண் இறுகினால் கலப்பை டாப் லிங்கை முன்னோக்கித் தள்ளும், ஸ்பிரிங் அமுங்கும், அது வால்வைத் திறக்கும், கலப்பை ஒரு விரல்கடை மேலேறும். மண் இளகினால் தானாகவே இறங்கும். மண்ணின் இழுவையே பின்சக்கரத்துக்குப் பாரமாக மாறுவதால், இலேசான வண்டியும் வழுக்காமல் உழும்.

1938இல் பெர்குசனும் ஹென்றி போர்டும் எழுத்தில் ஒன்றுமில்லாமல் கைகுலுக்கி ஒப்பந்தம் செய்துகொண்டு, அடுத்த வருஷமே போர்டு 9என் டிராக்டரை வெளியே கொண்டுவந்தார்கள். போருக்குப் பிறகு பெர்குசனின் சொந்த டி.ஈ.20 டிராக்டர், 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவென்ட்ரியில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. 1953இல் அவர் கம்பெனி மாசி ஹாரிசோடு இணைந்தது. அந்த வழியில் வந்த மாசி பெர்குசன் டிராக்டரைத்தான் 1960இல் தொடங்கப்பட்ட டாஃபே, சென்னை செம்பியத்தில் செய்யத் தொடங்கியது. நம்மூரில் மாசி என்று சுருக்கிக் கூப்பிடும் வண்டியின் பின்கைகளுக்கு இவ்வளவு பழைய கதை இருக்கிறது.

பெர்குசன் வடிவத்தில் ஒரு குறையும் உண்டு, புதிதாகச் செய்பவர் கவனிக்கவேண்டிய குறை. பம்ப் கியர் எண்ணெய்க்குள் மூழ்கி, ரோட்டவேட்டர் போன்ற கருவிகளைச் சுற்றவைக்கும் பி.டி.ஓ. தண்டால் சுற்றுகிறது. ஒற்றைக் கிளட்ச் வண்டியில் கிளட்சை மிதித்தால் பி.டி.ஓ. நிற்கும், அதோடு லிப்டும் நிற்கும். வரப்போரம் வந்து, கிளட்சை மிதித்து, கலப்பையைத் தூக்கலாம் என்று நெம்புகோலை இழுத்தால் ஒன்றும் அசையாது. பழைய ஓட்டுநர்கள் கியரை நியூட்ரலில் போட்டு, கிளட்சை விட்டு, தூக்கியபின் வண்டியைத் திருப்பப் பழகிக்கொண்டார்கள். புதிய லிப்டின் பம்பு எஞ்சினோடு நேராக இணைந்திருந்தால் இந்தக் கூத்து இல்லை.

இனி அளவுக்கு வருவோம். மூன்று புள்ளி இணைப்பின் அளவுகளைக் கையால் தோன்றியபடி வைக்கக்கூடாது. அதற்கு ஐ.எஸ். 4468 என்ற இந்தியத் தரநிலை உண்டு. சிறிய வண்டிக்கான முதல் வகையில் கீழ்ப் பின் 22 மி.மீ., டாப் லிங்க் பின் 19 மி.மீ., கலப்பையில் இரண்டுக்கும் இடையே உயரம் 460 மி.மீ. இரண்டாம் வகையில் கீழ்ப் பின் 28 மி.மீ., மேலே 25 மி.மீ., உயரம் 610 மி.மீ. இதை மாற்றினால் பக்கத்து வீட்டுக் கலப்பை மாட்டாது. வாடகைக்கு ஓட்டும் வண்டிக்கு அது பெரிய நஷ்டம்.

கீழ்க்கையின் நீளம் 800 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதன் நுனி 600 மி.மீ. ஏறவேண்டும். கையின் நடுவில் லிப்ட் ராட் பிடித்தால் அந்த இடம் 300 மி.மீ. ஏறும். அதைத் தூக்கும் கை 260 மி.மீ. நீளமிருந்தால், 70 பாகை திரும்பினால் போதும். அந்தக் கை உட்கார்ந்திருக்கும் குறுக்குத் தண்டில் 175 மி.மீ. நீளக் கிராங்க் ஒன்றை வைத்து, அதை 200 மி.மீ. ஸ்ட்ரோக் உள்ள சிலிண்டர் தள்ளினால் அதே 70 பாகை கிடைக்கும். அதாவது சிலிண்டர் 200 போக, நுனி 600 போகிறது. மூன்று மடங்கு தூரம் கிடைக்கிறது, விசை மூன்றில் ஒன்றாகிறது.

63 மி.மீ. போர் உள்ள சிலிண்டரின் பரப்பு சுமார் 31 சதுர செ.மீ. 150 பார் அழுத்தத்தில் அது 4,750 கிலோ தள்ளும். மூன்றால் வகுத்தால் நுனியில் 1,580 கிலோ, உராய்வு போக 1,350 வரும். ஒன்பது கொழுக் கலப்பை 250 கிலோ, அப்பிய மண் ஒரு நூறு என்று வைத்தாலும் நான்கு மடங்கு கையிருப்பு. பட்டறையில் இதைச் சொன்னால் வழக்கமாகக் கிடைக்கும் பதில், 'எதுக்கும் இருக்கட்டும், எண்பது எம்.எம். போட்டுடலாம்' என்பதுதான். அங்கேதான் தப்பு தொடங்குகிறது. 80 மி.மீ. போர் அதே 150 பாரில் 7,600 கிலோ தள்ளும். கலப்பையின் எடை கூடவில்லை. கூடியது வண்டியை உடைக்கும் விசை மட்டும்.

கொழு புளியமர வேரில் சிக்கியிருக்கிறது, ஓட்டுநர் லிவரைத் தூக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். கலப்பை வராது. அழுத்தம் எல்லை மீறினால் எண்ணெயை டேங்குக்குத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வு திறக்கும்வரை சிலிண்டர் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் சிலிண்டரின் அடியைப் பிடித்திருக்கும் பிராக்கெட் தாங்குவது கலப்பையின் எடையை இல்லை, சிலிண்டரின் முழுப் பலத்தை. ஆகவே பிராக்கெட், பின், தண்டு எல்லாவற்றையும் சிலிண்டருக்கும் ரிலீஃப் வால்வுக்கும் வைத்துக் கணக்கிடவேண்டும். தேவைக்கு மேலான சிலிண்டர் என்பது, தேவைக்கு மேலான எல்லாமும் என்று முடியும். 63 மி.மீ. சிலிண்டரில் ரிலீஃபை 100 பாரில் வைத்தாலே உராய்வு போக நுனியில் 900 கிலோ வரும். உழவுக்கு அதுவே தாராளம்.

குறுக்குத் தண்டு எவ்வளவு கனமாக இருக்கவேண்டும் என்பதும் இதிலிருந்தே வரும். 150 பாரில் தண்டின் மேல் விழும் முறுக்கு சுமார் 830 கிலோ மீட்டர். கிராங்கை நடுவில் வைத்தால் இரண்டு பக்கத்துக்கும் பாதி பாதி போகும். ஒரு ஓரத்தில் வைத்தால் முழுப் பாரமும் தண்டின் நீளம் முழுக்க ஓடும். நடுவில் வைத்தாலும், ஒரு பக்கக் கொழு மட்டும் சிக்கும் நாளை மறக்கக்கூடாது. 65 மி.மீ. இ.என். 8 எஃகுத் தண்டு பாதி முறுக்கை நிம்மதியாகத் தாங்கும், முழு முறுக்கு வந்தால் விளிம்பில் நிற்கும். 75 மி.மீ. என்றால் கவலையில்லை. பத்து மி.மீ. கூடினதற்கு இவ்வளவு பலமா என்றால், முறுக்கைத் தாங்கும் திறன் விட்டத்தின் மும்மடிக்கு ஏறுகிறது. 65இலிருந்து 75க்குப் போனால் ஒன்றரை மடங்கு.

குறுக்குத் தண்டே வேண்டாம், கைக்கு ஒன்றாக இரண்டு சிலிண்டரை நேரே மாட்டிவிடலாம் என்பது சுலபமாகத் தோன்றும் யோசனை. எண்ணெய் எப்போதும் பாரம் குறைந்த பக்கமே முதலில் ஓடும். ஒரு கை ஏறும், மறு கை நிற்கும், கலப்பை சாய்ந்து கோணிக்கொள்ளும். குறுக்குத் தண்டு இருந்தால் இரண்டு கையும் ஒன்றாகவே எழும். பழைய லிப்ட் அத்தனையும் அப்படி இருப்பதற்குக் காரணம் இருக்கிறது.

லிப்ட் செய்வதில் நிஜமான சாமர்த்தியம் சிலிண்டரில் இல்லை, அதை வண்டியில் உட்காரவைக்கும் பெட்டியில் இருக்கிறது. டிராக்டரின் பின்னுடம்பு வார்ப்பிரும்பு. அமுக்கினால் தாங்கும், இழுத்தால் வெடிக்கும். அதில் வெல்டிங் வைத்தால் சூடு பட்ட இடத்தை ஒட்டி மயிரிழை விரிசல் ஓடும். அது தெரிய ஆறு மாதம் ஆகலாம், நடுக்காட்டில் தெரியலாம். அதனால் வார்ப்பில் வெல்டிங்கே கூடாது. கம்பெனி விட்டிருக்கும் போல்ட் துளைகளில்தான் பிடிக்கவேண்டும், போதாவிட்டால் அச்சுக் குழாயை இரண்டு அரைவட்டப் பட்டைகளால் கவ்வலாம்.

பெட்டியின் வடிவம் இப்படி. 16 மி.மீ. பிளேட்டில் இரண்டு பக்கப் பலகைகள். குறுக்குத் தண்டின் புஷ் இரண்டும் அவற்றிலேயே, சிலிண்டரின் அடிப் பின்னும் அவற்றிலேயே. சிலிண்டர் கிராங்கைத் தள்ளும்போது அதன் எதிர்விசை அதே பலகை வழியாகத் தண்டின் புஷ்ஷுக்கே திரும்பி வந்துவிடும். 4,750 கிலோவும் பெட்டிக்குள்ளேயே சுற்றி அடங்கிவிடுகிறது. வண்டியின் வார்ப்புக்குப் போவது கலப்பையின் பாரம் மட்டும். சிலிண்டரின் அடியை அச்சுக் குழாயிலும், தண்டைக் கியர் பெட்டி மேலும் தனித்தனியாகப் பிடித்தால் அத்தனை விசையும் வார்ப்பின் ஊடாகத்தான் போகவேண்டும். வெடித்த வண்டியைப் பார்த்தால் கதை பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். பெட்டியை 8.8 என்று தலையில் பொறித்த 16 மி.மீ. போல்ட்களால் இறுக்கவேண்டும். சரியாக இறுக்கிய ஒரு போல்ட் ஆறேழு டன் பிடிப்புக் கொடுக்கும். பழைய லிப்ட் மூடியைக் கழற்றிய இடத்தில் 12 மி.மீ. பிளேட்டும் கேஸ்கெட்டும் வைத்து மூடுவதை மறந்தால் கியருக்குள் புழுதி இறங்கும்.

இந்த வேலைக்கு பெரம்பலூர் தோதான ஊர். தெற்கே திருச்சி ஒரு மணி நேரப் பயணம். அங்கே பெல் கொதிகலன் ஆலை 1965இல் தொடங்கியதிலிருந்து, துவாக்குடி சுற்றிலும் கனத்த பிளேட்டை வெட்டி ஒட்டும் சிறுபட்டறைகள் வளர்ந்தன. 7018 வெல்டிங் ராடைச் சூடுபடுத்தி ஈரம் போக்கித்தான் ஓட்டவேண்டும் என்பது அந்த வட்டாரத்து வெல்டருக்குப் பாலபாடம். கிழக்கே அரியலூரில் சிமென்ட் ஆலைகள். டைனோசர் காலத்துக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லை அள்ளிச் செல்லும் டிப்பர் லாரிகள் சாலையை நிறைத்து ஓடுகின்றன. டிப்பர் என்றால் ஹைட்ராலிக் ஜாக்கி, ஜாக்கி என்றால் சீல் கிட், ஹோஸ் கிரிம்ப்பிங், குரோம் ராட். ஆக, திருச்சிப் பக்கத்து வெல்டிங்கும் அரியலூர்ப் பக்கத்து ஹைட்ராலிக்கும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. உழவு டிராக்டருக்காக வந்த தொழில்கள் இல்லை அவை. உழவு டிராக்டர் அவற்றின் நிழலில் பிழைக்கிறது.

பலகைகளை ஒட்டும் இடத்தில் ஒரு வேலைமுறையைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். இரண்டு பலகையையும் தனித்தனியே துளையிட்டு ஒட்டினால், வெல்டிங் சூட்டில் பலகை இழுத்துக்கொண்டு துளைகள் நேர்கோட்டை விட்டு விலகும். பிறகு தண்டு நுழையாது, சுத்தியலால் அடித்து நுழைத்தால் சுற்றாது. அதனால் இரண்டு பலகையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து முதலில் புள்ளி வெல்டிங் போட்டு, லேத்திலோ போரிங் மிஷினிலோ ஒரே பிடியில் துளையிடவேண்டும். பிறகு பிரித்து, இரண்டு துளையிலும் புஷ்களைப் போட்டு, அவற்றினூடே நீளமான டம்மித் தண்டு ஒன்றைச் செருகி வைத்தே குறுக்குப் பலகைகளை ஒட்டவேண்டும். இடப்பக்கம் ஒரு விரல் நீளம், வலப்பக்கம் ஒரு விரல் நீளம், மேலே ஒன்று, கீழே ஒன்று. நடுநடுவே டம்மித் தண்டைக் கையால் சுற்றிப் பார்க்கவேண்டும். இறுகினால் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பது தெரியும், எதிர்ப்பக்கத்தில் அடுத்த ஓட்டு. முழுதும் ஆறும்வரை தண்டை உருவக்கூடாது. அவசரப்பட்டு உருவினால் இவ்வளவு நேரம் பட்ட பாடு வீண்.

சிலிண்டரைப் புதிதாகவும் கடையலாம், பழையதையும் வாங்கலாம். புதிதென்றால் உட்புறம் ஹோனிங் செய்த டியூபும் குரோம் ராடும் ஆயத்தமாகக் கிடைக்கும், பிஸ்டனையும் கிளாண்டையும் மட்டும் லேத்தில் கடைந்தால் போதும். சீலைப் பள்ளத்தில் உட்கார வைப்பதுதான் கை நுணுக்கம். குளிர்ந்த சீலை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் உதடு கிழியும், கிழிந்தது கண்ணுக்கும் தெரியாது. சூடான எண்ணெயில் சற்று நேரம் போட்டு எடுத்தால் இளகி, விரலாலேயே உட்காரும். டியூபின் வாயில் கூர்மையான விளிம்பு இருக்கக்கூடாது, சாய்வாகக் கடைந்திருக்கவேண்டும். பழைய சிலிண்டர் என்றால் ராடின் குரோமில் நகத்தை ஓட்டிப் பார்க்கவேண்டும். நகம் தட்டும் இடத்தில் சீல் சீக்கிரம் போகும். பொக்லைனிலிருந்து கழற்றிய சிலிண்டர் இரண்டு பக்கமும் எண்ணெய் வாங்குவது. அதை ஒரு பக்கம் மட்டும் பயன்படுத்தும்போது மறு துளையைச் சும்மா திறந்து விட்டால் புழுதியும் ஈரமும் உள்ளே போய்ச் சுவர் துருப்பிடிக்கும். அந்தத் துளையையும் ஒரு ஹோஸ் வழியாக டேங்கோடு சேர்த்துவிடவேண்டும்.

இரண்டு பக்கமும் எண்ணெய் கொடுத்து, கலப்பையைக் கீழே அமுக்கும்படியும் செய்துவிடலாமே என்று தோன்றும். கட்டி மண்ணுக்கு நல்லதென்று சிலர் சொல்வதுண்டு. செய்யாமல் இருப்பதே மேல். கலப்பை தன் எடையாலும் கொழுவின் சாய்வாலும் மண்ணுக்குள் இறங்குவது. மேடு பள்ளத்துக்குத் தக்கபடி மிதக்கவும் வேண்டும். அமுக்கிப் பிடித்தால் மேட்டில் பின்சக்கரம் மண்ணை விட்டு எழும்பப் பார்க்கும், கலப்பையின் சட்டம் வளையும். இறங்கவே மறுக்கும் கலப்பைக்குக் கொழுவை மாற்றவேண்டும், அல்லது டாப் லிங்கைச் சுருக்கவேண்டும்.

பம்புக்கு வருவோம். சுற்றுக்கு 10 சி.சி. தள்ளும் கியர் பம்ப் 1,500 சுற்றில் நிமிடத்துக்கு 15 லிட்டர் கொடுக்கும். சிலிண்டர் நிறைய 620 சி.சி. போதும். இரண்டரை வினாடியில் கலப்பை மேலே. 150 பாரில் இது வாங்கும் திறன் சுமார் 6 குதிரைத்திறன், அதுவும் அந்த இரண்டரை வினாடிக்கு மட்டும். 35 குதிரைத்திறன் வண்டிக்கு இது பொருட்டில்லை. பம்பை எஞ்சினின் முன் புல்லிக்கு நேரே கப்ளிங் வைத்து இணைப்பது நல்லது. வி பெல்ட் புழுதியிலும் எண்ணெயிலும் வழுக்கும். பி.டி.ஓ.விலிருந்து எடுப்பது சுலபமான வழி, ஆனால் பி.டி.ஓ. வேகம் 540 சுற்று. அதே 10 சி.சி. பம்ப் அங்கே ஐந்தரை லிட்டர்தான் தரும், தூக்க ஏழு வினாடி ஆகும். 28 சி.சி. பம்ப் போட்டால் வேகம் சரியாகிவிடும், கிளட்ச் மிதித்தால் நிற்கும் பழைய வியாதி மட்டும் தீராது. ரோட்டவேட்டர் மாட்ட பி.டி.ஓ.வும் கிடைக்காது.

எண்ணெய்க்குத் தனி டேங்க். கியர் எண்ணெயையே பயன்படுத்தினால் கியரில் தேயும் இரும்புத் தூள் பம்பைத் தின்னும். லிப்டுக்கு மட்டும் என்றால் 20 லிட்டர் போதும். டிப்பர் டிரெய்லரையும் இதே எண்ணெயில் தூக்கும் எண்ணம் இருந்தால், அந்த ஜாக்கி முழுதாக நீளும்போது எத்தனை லிட்டர் குடிக்கும் என்று பார்த்து டேங்கைப் பெரிதாக்கவேண்டும். இல்லாவிட்டால் டிரெய்லர் பாதி எழும்பியதும் பம்ப் காற்றை உறிஞ்சி அலறும். பம்புக்குப் போகும் வழியில் சல்லடை, திரும்பி வரும் வழியில் ஃபில்டர். உறிஞ்சும் ஹோஸ் அகலமாகவும் குட்டையாகவும் இருக்கவேண்டும்.

வால்வு ஒற்றை ஸ்பூல் மோனோபிளாக். நடு நிலையில் பம்ப் எண்ணெய் பாரமில்லாமல் டேங்குக்கே திரும்பும் வகை. ஸ்பூல் எவ்வளவு நயமாக இருந்தாலும் கொஞ்சம் கசியும், கலப்பை மெல்ல இறங்கும். அதனால் சிலிண்டர் பக்கத்தில் ஒரு லாக் வால்வு. சிலிண்டரின் வாயிலேயே ஒருவழி ரெஸ்ட்ரிக்டர் ஒன்றும் வேண்டும். ஏறும்போது தாராளமாகவும் இறங்கும்போது சிக்கனமாகவும் எண்ணெயை விடும் பொருள் அது. ஹோஸ் வெடித்தால்கூடக் கலப்பை தொபுக்கென்று விழாது. ஹோஸ் நடுவில் மாட்டினால் இந்தப் பாதுகாப்பு பாதிதான்.

பெர்குசனின் ஸ்பிரிங் சூட்சுமத்தைப் பட்டறையில் திரும்பச் செய்வது லேசில்லை, செய்ய முயல்வதும் அநாவசியம். ஆழத்துக்குக் கலப்பையின் இரண்டு பக்கமும் சின்னச் சக்கரம் மாட்டிக்கொள்ளலாம். லிவரை எங்கே வைத்தாலும் கை அந்த உயரத்தில் நிற்கும்படி, குறுக்குத் தண்டிலிருந்து ஸ்பூலுக்கு ஒரு திருப்புக் கம்பி கொடுப்பது மட்டும் மெனக்கெடத் தகுந்தது. கை ஏறியதும் அந்தக் கம்பி ஸ்பூலை நடு நிலைக்குத் தள்ளிவிடும். இது இல்லாத வண்டியில் ஓட்டுநர் நாளெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கழுத்து வலியோடு வீட்டுக்குப் போவார்.

டாப் லிங்க் முன்பிடியும் அதே பெட்டியில் வருகிறது. கலப்பை தூக்கிய நிலையில் அது இழுபடும். 300 கிலோ கலப்பையின் எடைமையம் கீழ்ப் பின்னுக்கு 600 மி.மீ. பின்னால் இருந்தால், 460 மி.மீ. உயரத்தில் உள்ள டாப் லிங்கில் 390 கிலோ இழுப்பு விழும். மண்ணுக்குள் ஓடும்போது அதே லிங்க் அமுங்கும். ஆக, பிடி இரண்டு திசைக்கும் தாங்கவேண்டும். டாப் லிங்கும் கீழ்க்கைகளும் முன்னோக்கிக் குவியும்படி இருந்தால் கலப்பையின் வால் கூடுதலாக எழும், தூக்கும் பாரமும் அதற்கேற்பக் கூடும். இந்தப் பிடியில் சங்கிலி கட்டி மரமோ வண்டியோ இழுப்பது மட்டும் எந்தக் காலத்திலும் கூடாது. அச்சுக்கு மேலிருந்து இழுத்தால் வண்டி மல்லாந்துவிடும்.

பின்னால் ஏற்றிய பாரம் முன்னாலிருந்து கழியும். அதே 300 கிலோ கலப்பை பின் அச்சுக்கு 1.35 மீட்டர் பின்னால் தொங்கினால், 1.85 மீட்டர் சக்கர இடைவெளி உள்ள வண்டியின் முன்சக்கரத்திலிருந்து சுமார் 220 கிலோ போய்விடும். 1,700 கிலோ வண்டியின் முன்னால் 650 கிலோ இருந்ததென்றால் மிஞ்சுவது 430. ஸ்டியரிங் கட்டுப்பட மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன்னால் நிற்கவேண்டும் என்பது வழக்கம். 2,000 கிலோவுக்கு 400. கலப்பைக்கு மயிரிழையில் தப்பியது. ரோட்டவேட்டரோ கனத்த சட்டிக் கலப்பையோ மாட்டும் வண்டிக்கு மூக்கில் எடைக்கட்டி கட்டாமல் விடக்கூடாது.

எல்லாம் மாட்டியாயிற்று. முதலில் ரிலீஃப் வால்வை முழுதும் தளர்த்தி வைத்து, எஞ்சினை மெதுவாக ஓட்டி, கலப்பை இல்லாமல் பத்துப் பதினைந்து தடவை ஏற்றி இறக்கவேண்டும். டேங்கில் நுரை அடங்கும்வரை காற்று இருக்கிறது. பிறகு கேஜைப் பார்த்துக்கொண்டே வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, கலப்பை தாராளமாக எழும் அழுத்தத்துக்குச் சற்று மேலே நிறுத்திக்கொள்ளலாம். மேலே சொன்ன அளவுக்கு 100 பாரைத் தாண்ட வேண்டியதில்லை. கசிவு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்ப்பது ஆபத்து. ஊசித் துளையில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்துச் சதைக்குள் இறங்கும், காயம் எறும்பு கடித்த மாதிரிதான் தெரியும். விரலையே எடுக்கவேண்டிய நிலைமைக்குக் கொண்டுபோகும் காயம் அது. ஒரு அட்டைத் துண்டை ஹோஸ் அருகே காட்டினால் எண்ணெய்ப் பொட்டு விழுந்து சொல்லிவிடும்.

அடுத்து, கலப்பையைத் தூக்கி நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கொழு நுனிக்கு நேரே பின்னால் சுவரிலோ நட்டுவைத்த கம்பிலோ சாக்பீஸால் கோடு போடவேண்டும். அரை மணி கழித்து இரண்டு விரல்கடைக்கு மேல் இறங்கியிருந்தால் லாக் வால்வையோ பிஸ்டன் சீலையோ திரும்பப் பார்க்கவேண்டும். இறங்கினாலும் இறங்காவிட்டாலும், தூக்கிய கலப்பைக்கு அடியில் கட்டை முட்டுக் கொடுக்காமல் யாரும் குனிந்து கொழு மாற்றக்கூடாது. முதல் ஏக்கர் ஓட்டி முடிந்ததும் பெட்டியின் போல்ட் அத்தனையும் ஒரு சுற்று இறுக்கிப் பார்ப்பார்கள், பெயிண்ட் அமுங்கிய அளவுக்குக் கால் சுற்றாவது ஏறும். ஐம்பது மணி நேரத்தில் ஃபில்டரை மாற்றும்போது டேங்கின் அடியில் வெல்டிங் பொடி கொஞ்சம் தேங்கியிருக்கும். அதையும் துடைத்து, புது எண்ணெய் ஊற்றினால் வண்டி வழக்கமான உழவுக்குப் போகலாம்.